மாத்திரை முடிந்தது, கிருமி போனதா?

அப்பாவின் மலம் தார்போலக் கறுத்திருந்தது. உடம்பு சோர்வாக இருக்கிறதென்று அப்போது இரும்புச்சத்து டானிக் குடித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கறுப்பு என்றாள் அம்மா. நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் விடியலில் கொல்லைப் பக்கம் போனவர் கிணற்றடியில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 6 என்றார்கள். ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபிக் குழாயை வாய்வழியே விட்டுப் பார்த்த மருத்துவர், முன்சிறுகுடலில் ஒரு புண் இருக்கிறது, அதிலிருந்துதான் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“இதுக்கு முன்னாடி அல்சருக்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?”

சாப்பிட்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் இதே குழாய்ச் சோதனை நடந்தது. ஹெச். பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று 14 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்பா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அம்மா காலையில் காலண்டர் தாளைக் கிழித்த கையோடு மாத்திரை அட்டையையும் எண்ணிப் பார்த்துவிடுவாள். வாயெல்லாம் தகரத்தை நக்கியதுபோல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே விழுங்கினார். பத்தாம் நாளே வலி நின்றுவிட்டது. பதினைந்தாம் நாள் பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும் கேட்டார். வைத்தியம் முடிந்தது என்று வீடே முடிவு கட்டியது.

“மருந்து முடிஞ்சப்புறம் கிருமி போயிடுச்சான்னு டெஸ்ட் எடுத்தாங்களா?”

“வலிதான் போயிடுச்சே டாக்டர்” என்றார் அப்பா.

அதன் பிறகு இதே பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். உறவினர்கள், அலுவலக நண்பர்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர். அல்சருக்கு மருந்து சாப்பிட்டவர்கள் நம்மிடையே ஏராளம். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய் ‘கிருமி ஒழிந்ததா’ என்று சோதித்துக்கொண்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைத்தார்கள். பலருக்கு அப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு அப்பாவின் உயிரையே விலையாகக் கொடுக்க இருந்தோம்.

வலி எப்படிப் பொய் சொல்கிறது

காரம் தின்றால் அல்சர், கவலைப்பட்டால் அல்சர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் என்றுதான் நாம் வளர்ந்தோம். மணத்தக்காளிக் கீரையும் மோரும் இளநீரும் அதற்கு மருந்து. அவை வயிற்றுக்கு இதம் தருவது உண்மை, நானும் அவற்றை விடுவதாக இல்லை. ஆனால் அவற்றால் சாகாத ஒன்று இரைப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது என்பது சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்புதான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்கூறு நிபுணர் 1979-ல் இரைப்பைச் சதைத் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுருள் சுருளான பாக்டீரியாக்களைக் கண்டார். அமிலம் கொதிக்கும் இரைப்பையில் எந்தக் கிருமியும் தங்காது என்பது அப்போதைய மருத்துவத்தின் உறுதியான நம்பிக்கை. இளம் மருத்துவர் பாரி மார்ஷல் 1981-ல் அவரோடு சேர்ந்தார். அந்தக் கிருமியைச் சோதனைச்சாலையில் வளர்க்க முயன்று முயன்று தோற்றார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை வழக்கமான இரண்டு நாளில் தூக்கியெறிய ஆளில்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் உயிர் அது. அவசரப்பட்டவர்களுக்கு இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்டுபிடிப்பை யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி எடுத்தார், இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதை எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1988-ல் மார்ஷல் குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. முன்சிறுகுடலில் புண் இருந்த 100 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். கிருமி ஒழியாமல் இருந்தவர்களிலும் 61% பேருக்குப் புண் ஆறியது. ஆறத்தான் செய்தது. ஆனால் அப்படி ஆறியவர்களில் 84% பேருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்ப வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் திரும்ப வந்தது 21% பேருக்கு மட்டும்.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்பது 61, 84 என்ற அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. மாத்திரைகளில் ஒன்று அமிலத்தைக் குறைத்தது, புண் ஆறியது, வலி போயிற்று. கிருமி போகவில்லை. வலி புண்ணைப் பற்றிச் சொல்லும். கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கிருமி முழுதாக ஒழிந்த பிறகும் சிலருக்கு வயிற்று உப்பசமும் எரிச்சலும் தொடரும். புண்ணே இல்லாமல் செரிமானக் கோளாறு மட்டும் இருந்தவர்களில் இது சாதாரணம். அவர்கள் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று மறுபடியும் அதே ஆன்டிபயாட்டிக்கை வாங்கி விழுங்கினால் வீண் பாடு. வலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சோதிக்காமல் தெரியாது.

யூரியாவும் ஒரு மூச்சும்

ரத்தம் கசிந்த அன்று எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கில் கிருமி தெரியவில்லை. எங்களுக்கு நிம்மதி. மருத்துவர் மட்டும் அதை நம்பவில்லை. ரத்தக் கசிவு இருக்கும்போது எடுக்கும் சோதனை, இருக்கும் கிருமியை இல்லையென்று காட்டிவிடுவது உண்டு என்றார். புண் ஆறட்டும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நான் சொல்லும்போது இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள், மூச்சுச் சோதனை எடுப்போம் என்றார்.

அப்பா விவசாயி. அந்த மருத்துவர் அவருக்குச் சோதனையை விளக்கிய விதத்தை நான் மறக்க மாட்டேன்.

“யூரியா போட்டுட்டு வயல்ல தண்ணி கட்டாம விட்டா என்ன ஆகும் ஐயா?”

“சத்தெல்லாம் ஆவியாப் போயிடும். மூக்கைத் துளைக்கும்.”

“அது ஏன்? மண்ணுல இருக்கற கிருமி யூரியாவை உடைச்சிடுது. உங்க வயித்துல இருக்கற கிருமியும் அதே வேலையைத்தான் செய்யுது.”

உண்மையும் அதுதான். ஹெச். பைலோரியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. இரைப்பையில் இயல்பாகவே சிறிதளவு யூரியா உண்டு. அதை இந்த நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா காரம், சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக் கிருமியைச் சுற்றிக் குடை பிடித்ததுபோல நிற்கிறது. அந்தக் குடைக்குள் இருந்தபடிதான் அது இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் நுழைந்து குடியேறுகிறது. மனித உடம்பின் திசுக்களுக்கு யூரியாவை உடைக்கத் தெரியாது. ஆகவே வயிற்றுக்குள் யூரியா உடைகிறதென்றால், உடைப்பது வேறு யாரோ.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டேவிட் கிரகாம் குழுவினர் 1987-ல் இந்த ஒரு தன்மையைப் பிடித்துக்கொண்டு சோதனை வகுத்தார்கள். சாதாரண கார்பனுக்குப் பதில் கார்பன்-13 வைத்துச் செய்த யூரியாவைக் குடிக்கக் கொடுப்பது. கார்பன்-13 என்பது சற்றே எடை கூடிய கார்பன், அவ்வளவுதான். இயற்கையில் உள்ள கார்பனில் நூற்றில் ஒரு பங்கு அதுதான். நாம் தின்னும் சோற்றிலும் இருக்கிறது. கதிர்வீச்சு கிடையாது. வயிற்றில் கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும். எடை கூடிய கார்பன் கரியமில வாயுவாக மாறி, ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்கு வந்து, மூச்சில் வெளியேறும். கிருமி இல்லாவிட்டால் யூரியா உடையாமல் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் போய்விடும்.

அப்பா ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போனார். முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். பிறகு புளிப்பான பானத்தில் கலந்த சிறிதளவு யூரியாவைக் குடிக்கக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இன்னொரு பையில் ஊதினார். இரண்டு மூச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி அளக்கிறது. குழாய் இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை. ரத்தம் ஏற்றிக்கொண்டு படுத்திருந்த மனிதர் இவ்வளவுதானா என்று கேட்டார்.

முடிவு: கிருமி இருக்கிறது.

சில இடங்களில் கார்பன்-13 கருவிக்குப் பதில் கார்பன்-14 அடைத்த கேப்சூல் கொடுத்து ஊதச் சொல்வார்கள். இதில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு உண்டு. ஓரிரு நாளில் இயற்கையிலிருந்தே நம் உடம்பு வாங்கிக்கொள்ளும் அளவுதான். என்றாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்பார்கள். அவர்களுக்குக் கார்பன்-13 போதும். சோதனைக்கு முன் ‘இது எந்த கார்பன்?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

ஆக்லாந்து மருத்துவரின் மூன்று வருடம்

கிருமியைக் குடித்த மருத்துவர் என்றால் எல்லோரும் மார்ஷலைச் சொல்வார்கள். அவருக்கு வந்த தொற்று சீக்கிரம் அகன்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் மோரிஸ் என்ற மருத்துவரும் அதேபோல் கிருமியைக் குடித்தார். 1987-ல் அதை எழுதி வெளியிட்டார். அவருக்குத் தொற்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பிஸ்மத் மருந்து சாப்பிட்டார், கிருமி மறைந்தது. மருந்தை நிறுத்திய சில வாரங்களில் திரும்ப வந்தது. டாக்சிசைக்ளின் சாப்பிட்டார், பலனில்லை. கடைசியில் மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்ட பிறகுதான் ஒழிந்தது. அதற்குள் சுமார் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த நெடிய அனுபவம் 1991-ல் ஆய்விதழில் வந்தது.

மருத்துவம் ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். மருந்து முடிந்த மறுநாள் சோதித்தால் பெரும்பாலும் கிருமி தெரியாது. அது ஒழிந்ததாக அர்த்தமில்லை, அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். “கோரை பறிச்ச அன்னிக்கு வயல் சுத்தமாத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்கும்ல?” என்றார். மிச்சம் இருக்கிற சில கிருமிகள் மெதுவாகப் பெருகி, சோதனையில் அகப்படும் எண்ணிக்கையை எட்ட வாரங்கள் பிடிக்கும். ஈஸ்டர் விடுமுறைத் தட்டுகள் சொன்னதும் அதையேதான்.

ஆகவேதான் கணக்கு: ஆன்டிபயாட்டிக்கும் பிஸ்மத்தும் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்தே சோதனை. அதற்கு முன் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று வந்த காகிதத்துக்கு மதிப்பில்லை. அந்த நான்கு வாரத்துக்குள் சளிக்கோ பல்வலிக்கோ வேறு ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டால், கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது, நம் ஊரில் எல்லோரையும் ஏமாற்றுகிற ஒன்று. ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் அழைக்கும் ஓமிப்ரசோல், பான்டோபிரசோல், ரேபிப்ரசோல் வகை. காலையில் வெறும் வயிற்றில் காபிக்கு முன் அதைப் போடுவது பல வீடுகளில் பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது. வேறு எதற்கோ எழுதிய மருந்துச் சீட்டிலும் அது துணைக்கு நிற்கும். அமிலம் குறைந்தால் இந்தக் கிருமிக்கு வாட்டம். எண்ணிக்கை குறையும், இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டு மேல்பகுதிக்கு நகரும். அந்த நேரத்தில் ஊதினால் மூச்சு பொய் சொல்லும். ஆகவே சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். லேபுக்கு போன் செய்து நேரம் வாங்கும்போது ‘வெறும் வயிற்றில் வாங்க’ என்பதை மட்டும் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் சிலருக்கு நெருப்பாக எரியும். ஃபேமோடிடின் போன்ற வேறு வகை மாத்திரையையோ, திரவ ஆன்டாசிடையோ மருத்துவர் அனுமதிப்பார். அவை சோதனையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆனால் இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் ஏற்கெனவே ரத்தம் கசிந்தவர்களும் கேஸ் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு அது கவசம். எப்போது, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனை எதைச் சொல்லாது

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அப்பாவுக்கு முதல் முறை மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்து, வேறு எதற்கோ போன ஒரு லேபில் ஹெச். பைலோரி ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுத்தார்கள். ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அங்கே இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “பழைய தொற்று, அப்படித்தான் காட்டும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பாதி சரி. ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல. கிருமியை எதிர்த்து நம் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். திருடன் ஓடிப்போன பிறகும் தெருவில் காவல் நிற்பதுபோல. ஆகவே அந்தப் பாசிட்டிவை வைத்துக் கிருமி இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய மீதிப் பாதி அதுதான்: “இதை வைத்து முடிவு செய்ய முடியாது, மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ எடுங்கள்.” அந்த ஒரு வாக்கியம் கிணற்றடி மயக்கத்தைத் தவிர்த்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மலச் சோதனை என்று சொன்னவுடன் முகம் சுளிக்கிறவர்கள் அதிகம். ஆனால் மூச்சுக் கருவி இல்லாத ஊர்களுக்கு நம்பகமான வழி அதுதான். கிருமியின் உடலிலிருந்து உதிர்ந்த புரதம் மலத்தில் வருகிறதா என்று பார்ப்பது. இது எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை, கிருமியையே தேடுகிறது. அதனால் இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்லும். ஒற்றை எதிர்ப்பொருள் கொண்டு ஆய்வகத்தில் செய்யும் முறை மூச்சுச் சோதனைக்கு ஏறக்குறைய இணையானது. நான்கு வாரம், இரண்டு வாரம் என்ற அதே கெடு இதற்கும் உண்டு. மாதிரி வெயிலில் கிடக்கக் கூடாது, தண்ணீராகப் போகும் நேரத்தில் எடுக்கக் கூடாது. சிறு டப்பாவில் எடுத்துச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் முடிந்தது. குழந்தைகளுக்கு ஊதச் சொல்லிப் பழக்குவதைவிட இது எளிது.

இரைப்பையில் புண் இருந்தவர்களுக்கு, அது ஆறிவிட்டதா, புற்று ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க எப்படியும் மறுபடி எண்டோஸ்கோபி செய்வார்கள். அப்போதே துணுக்கெடுத்துக் கிருமியையும் பார்த்துவிடலாம். கிருமி இரைப்பை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது என்பதால் கீழ்ப்பகுதி, மேல்பகுதி இரண்டிலும் எடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கிருமி ஒழிந்ததா என்று பார்க்க மட்டும் குழாய் விழுங்க வேண்டிய அவசியமில்லை.

ஏன் முதல் மருந்து தோற்கிறது

அப்பாவின் பழைய மருந்துச் சீட்டை அம்மா பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். இரண்டாவது மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். அதில் கிளாரித்ரோமைசின் இருந்தது. “இது மறுபடியும் வேண்டாம்” என்று ஒதுக்கிவிட்டு, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை என்று நான்கையும் சேர்த்து 14 நாளைக்கு எழுதினார். மலம் மறுபடி கறுக்கும், பயப்படாதீர்கள், இது பிஸ்மத்தின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்களுக்கு அது மிகத் தேவையான எச்சரிக்கை.

முதல் மருந்து தோற்றதில் அப்பாவின் தவறு எதுவும் இல்லை. கிருமி அந்த மருந்துக்கு அடங்காத வகையாக இருந்திருக்க வேண்டும். சளி, இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசினின் நெருங்கிய உறவு. ஒன்றைத் தாங்கப் பழகிய கிருமி மற்றதையும் தாங்கும். வயிற்றுப்போக்கு என்றதும் மெட்ரோனிடசோலை நாம் பல பத்தாண்டுகளாக மிட்டாய்போல விழுங்கியிருக்கிறோம். இந்தியாவில் இந்தக் கிருமி அதற்குப் பரவலாகவே எதிர்ப்புப் பெற்றுவிட்டது. இதோடு, ஐந்தாம் நாள் வாய் கசந்து, குமட்டி, மருந்தைப் பாதியில் விட்டவர்கள் தனிக் கணக்கு. கிளாரித்ரோமைசின் சேர்ந்த பழைய மூன்று மருந்துக் கூட்டு, எதிர்ப்பு மிகுந்த இடங்களில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ பலிப்பதில்லை.

ஐந்தில் ஒருவருக்குத் தோற்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு, தோற்றவர் யார் என்று பாராமல் வீட்டுக்கு அனுப்புவது எனக்கு இன்றுவரை புரியாத வழக்கம். சர்க்கரைக்கு மருந்து கொடுத்தால் சர்க்கரையை அளக்கிறோம். காசநோய்க்கு மருந்து கொடுத்தால் சளியைத் திரும்பப் பார்க்கிறோம். ஐரோப்பிய மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட பரிந்துரையும், அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒன்றையே சொல்கின்றன: மருந்து சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் உறுதிச் சோதனை செய்ய வேண்டும். வலி இருப்பவருக்கு மட்டும் என்றோ, ரத்தம் கசிந்தவருக்கு மட்டும் என்றோ அதில் இல்லை.

மாட்சு தீவுகள்

கிருமியைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015 நிலவரப்படி உலகில் ஏறக்குறைய 440 கோடிப் பேர் வயிற்றில் இது இருந்ததாக ஒரு பெரும் மதிப்பீடு கூறுகிறது. பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குப் புண் வரலாம். நூற்றில் ஓரிருவருக்கு இரைப்பைப் புற்று. சிறிய பங்குதான், ஆனால் 440 கோடியில் சிறிய பங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் தொற்று அதிகம், இரைப்பைப் புற்று குறைவு. ஆனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்து வருகிறது. நாம் அசட்டையாக இருக்கும் நிலையில் இல்லை.

உறுதிச் சோதனையை ஒரு சமூகமே ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தைவானின் மாட்சு தீவுகள் சாட்சி. சீனக் கரையோரம் உள்ள சிறு தீவுக்கூட்டம் அது. இரைப்பைப் புற்று அங்கே தைவானின் பிற பகுதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. 2004-ல் தொடங்கி, 30 வயதைத் தாண்டியவர்களை மூச்சுச் சோதனைக்கு அழைத்தார்கள். கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். அதோடு விடவில்லை, மருந்து முடிந்தவர்களைத் திரும்ப அழைத்து ஊதச் சொன்னார்கள், கிருமி இன்னும் இருந்தவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் தீவில் தொற்று 64 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. இரைப்பைப் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மருந்து கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால், யாருக்குத் தோற்றது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

நம் அரசு மருத்துவமனைகளில் எண்டோஸ்கோபி கிடைக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில்கூட மூச்சுச் சோதனையை எளிதில் பெற முடிவதில்லை. மக்கள் தனியாரிடமும் பெருநகரங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துச் செலவு செய்து, வலியே இல்லாத வயிற்றைக் காட்ட யார் வருவார்கள்? மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டு வாசலுக்கே ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற மாநிலம் இது. அல்சர் மருந்து முடித்தவரிடமிருந்து ஒரு சிறு டப்பாவை வாங்கி வருவது அதைவிடக் கடினமான வேலை அல்ல. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

அப்பா இரண்டாவது முறை மருந்து முடித்து, ஆறு வாரம் கழித்துப் போய் ஊதினார். அந்த அரை மணி நேரமும் அவர் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெகட்டிவ். அந்தக் காகிதத்தை லேமினேட் செய்து, நிலப்பட்டாவும் ரேஷன் அட்டையும் இருக்கும் இரும்புப் பீரோவில் வைத்திருக்கிறார்.

இந்தத் தொற்று பெரும்பாலும் சிறு வயதில், ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. எனக்கும் நீண்ட நாளாக வயிற்று எரிச்சல் உண்டு. இந்த வருடம் போய் ஊதினேன், இருந்தது. 14 நாள் மருந்தும் முடிந்தது. தகரச் சுவை என்று அப்பா சொன்னது எத்தனை சரி என்று தெரிந்தது. இன்றோடு மருந்து முடிந்து 23 நாள், கேஸ் மாத்திரையை நிறுத்தி 9 நாள். எரிச்சல் சுத்தமாக இல்லை. சமையலறைக் காலண்டரில் இன்னும் ஐந்து தாள் தள்ளி ஒரு தாளின் ஓரத்தை அம்மா மடித்து வைத்திருக்கிறாள்.